வாய் கட்டிய ஆறு குடங்கள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள். அவள் சொன்னால் அதற்குக் கண், மூக்கு, காது எல்லாம் வைத்துவிடுவாள்.

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் குளியலறையின் மூலையில் தண்ணீர் வெளியேற ஒரு துவாரம் இருந்தது. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். ஒரு நாள் அந்தத் துவாரத்தின் வழியாக, பூமிக்கு அடியில் இருக்கிற தண்ணீர் மொத்தமும் பீறிட்டு மேலே வந்து, வீட்டை நிறைத்து, என்னையும் என் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நான் நம்பினேன். ஏதோ காய்ச்சல் வேகத்தில் ஒரு நாள் நம்பியதல்ல. ஏறக்குறைய ஒரு வருடம் நம்பினேன். தினமும் சவரம் செய்துகொண்டு, ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, ஆயுதபூஜைக்குப் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு, உள்ளுக்குள் நம்பிக்கொண்டே இருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு வயது முப்பத்தாறு. பயப்படுகிற வயதல்ல என்பார்கள். பயத்துக்கு வயது கேட்கத் தெரியாது.

விதை போட்டவர் பக்கத்து வீட்டுக்காரர். சுரங்கத்தில் பம்பு ஆபரேட்டர். சுற்று வட்டாரக் கிராமத்துக்காரர்; நிலமும் உண்டு, வேலையும் பெர்மனென்ட். ஆகவே எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். நாங்கள் ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய புதிது. ஒரு நாள் மத்தியானம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம், "சுரங்கத்துல உங்களுக்கு என்ன வேலைங்க?" என்று மரியாதைக்குக் கேட்டுவைத்தேன்.

"தண்ணி எறைக்கிறதுதான் சார். கரிக்கு அடியில தண்ணி கீது. சும்மா இல்ல, தள்ளிக்கினு நிக்கிது. இட்லிக் கொப்பரையில ஆவி மூடியத் தள்ளுது பாருங்க, அந்த மாரி. நாங்க ராப்பகலா பம்பு ஓட்டிக்கினே இருந்தாத்தான் மூடி தூக்காம இருக்கும்."

"பம்பு நின்னா?"

"நின்னா தூக்கிடும்."

இதைச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதாம். என்ன தூக்கும், எவ்வளவு தூக்கும், எங்கே தூக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது. நானும் மறுநாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆபீசில் எதைப் பற்றியும் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன் நான். ஒரு இட்லிக் கொப்பரைக்காக அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்வதா? மீதியை நானே யோசித்து நிரப்பிக்கொண்டேன். இல்லாததை நிரப்புவதில் நான் கெட்டிக்காரன்.

எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கிணற்றின் அடியில் கலங்கிக் கிடக்கும். அதை எட்டிப் பார்த்துத்தான் பழக்கம். அது நம்மை எட்டிப் பார்க்க மேலே வரும் என்பது எனக்குப் புதுச் செய்தி. எங்கள் காலடியில், சிமெண்டுத் தரைக்குக் கீழே, நிலக்கரிக்கும் கீழே, ஒரு கடல் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் தலையில் ஒரு பம்பு ஆபரேட்டர் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தூக்கம் வந்தால் நாம் காலி. இப்படித்தான் எனக்குப் படம் விரிந்தது.

சரி, வரட்டும் என்று முடிவு செய்தேன். தண்ணீர்தானே. வருவதற்கு அதற்கு உரிமை இருந்தால், தயாராக இருப்பதற்கு எனக்கும் உரிமை இருக்கிறது. அறுபது குடும்பம் இருக்கிற தெருவில் ஐம்பத்தொன்பது பேர் அசட்டையாகச் செத்தாலும் நான் ஏற்பாட்டோடு சாவேன். மன்னிக்கவும், பிழைப்பேன்.

முதலில் ஒரு ரெக்சின் பை. அதில் ரேஷன் கார்டு, என் பள்ளிச் சான்றிதழ், கல்யாண போட்டோ, டார்ச் லைட், மெழுகுவத்தி, இரண்டு பொட்டலம் அவல், அச்சு வெல்லம், ஒரு விசில். விசில் எதற்கு என்று மனைவி கேட்டாள்.

"தண்ணியில ஆளுக்கொரு பக்கம் மிதந்து போயிட்டா ஊதிக் கூப்பிடுறதுக்கு."

"ஊதுறதுக்கு வாயில தண்ணி இல்லாம இருக்கணும்ல?" என்றாள். என் திட்டத்தில் அவள் கண்டுபிடித்த முதல் ஓட்டை அது. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று கண்டுபிடித்தாள்.

அடுத்தது ஏணி. எங்கள் வீடு தனி வீடு. சமதளமான காங்கிரீட் கூரை. ஆனால் மேலே போகப் படி கிடையாது. பண்ருட்டியில் பலாக்காய் இறக்குகிறவர்கள் வைத்திருக்கிற மூங்கில் ஏணி ஒன்றை வாங்கி, பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தோப்பு எங்க சார் வாங்கியிருக்கீங்க?" என்றார். தோப்பு இல்லை, வெள்ளம் வாங்கியிருக்கிறேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? "நெய்வேலியில ஒரு மரம்தாங்க" என்றேன். அதுவும் பொய்யில்லை. என் மனைவி வந்ததும் பின்பக்கம் நட்ட பலா, என் தோள் வரை வளர்ந்திருந்தது.

அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நெய்வேலிக் குழாயில் எந்நேரமும் தண்ணீர் வரும். சுரங்கத்தில் இறைத்ததுதானே, அதற்கு என்ன பஞ்சம்? அந்தத் தண்ணீரைக் கண்டதும் என் மனைவிக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பலா, முருங்கை, நாலு வாழை, கறிவேப்பிலை, வேலி முழுக்க அவரை. தண்ணீருக்காக இரண்டு மைல் நடந்து வளர்ந்தவள், ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு பலாவின் காலடியில் நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கோவிலில்கூட அப்படி நிற்க மாட்டாள். "இது காய்க்கிற அன்னிக்குத்தான் நான் நெய்வேலிக்காரி" என்பாள்.

ஆனால் பழைய பழக்கம் போகவில்லை. குழாயைத் திறந்தால் கொட்டுகிறது. இவள் தினம் விடிந்ததும் ஆறு குடத்தையும் கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டாவையும் விளிம்பு வரை நிறைத்து வைப்பாள். மறுநாள் அதைத் தோட்டத்துக்கு ஊற்றிவிட்டு மறுபடி நிறைப்பாள். காலிப் பாத்திரம் வீட்டில் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது. எங்கள் தெருவில் இந்த வேலையைச் செய்த ஒரே பெண் அவள்தான். பக்கத்து வீட்டு அம்மா, "ஏங்க, கொழா இன்னா ஓடியா பூடும்?" என்று சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

சிரித்ததோடு நிற்கவில்லை. அந்தக் குடங்கள் மேல் என் கண் விழுந்தது. சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழகும்போது காலிக் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மிதந்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்றரைக் குடம் என்றால் நாலு பேருக்கு ஆறு! கடவுளே கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறையும் காலி செய்து, துடைத்து, வாயில் ரெக்சின் துண்டை வைத்து, பழைய சைக்கிள் டியூபை வார் வாராக அறுத்து இறுக்கிக் கட்டினேன். ஸ்டோர்ஸில் பார்சல் கட்டிக் கட்டித் தேறிய கை. கட்டிய முடிச்சை என்னாலேயே அவிழ்க்க முடியாது. அதைப் பெருமையாக மனைவியிடம் சொல்லவும் செய்தேன்.

"அண்டா?" என்றேன்.

"அண்டாவுக்கு என்ன?"

"அதையும் காலி பண்ணு. அதுதான் இருக்கிறதுலயே பெரிய மிதவை. நீயும் பாப்பாவும் அதுக்குள்ள உக்காந்துக்கலாம்."

கரண்டியோடு வெளியே வந்தாள். "என்னைய அண்டாவுல உக்கார வச்சு மிதக்க விடப் போறீகளா? என்னைய என்ன, வடைக்கு ஊறப்போட்ட உளுந்துன்னு நெனச்சீகளா? ஆறு குடத்தையும் வாயக் கட்டிட்டீக. சும்மா இருந்தேன். அண்டா மேல கை வச்சீக, அப்புறம் உங்க வாயையும் அந்த டியூப்ப வச்சுக் கட்டிருவேன்."

பத்து வயது மகள் கைதட்டினாள். ஏழு வயது மகன், அப்பா வாயை எப்படிக் கட்டுவது என்று ஆர்வமாகக் கேட்டான். நான் என் நோட்டில், 'அண்டா: பேச்சு நடக்கிறது' என்று எழுதிக்கொண்டேன். பேச்சு அதற்குமேல் நடக்கவில்லை. அண்டா தினமும் நிறைந்தபடியே இருந்தது.

பிறகு எனக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. என் யோசனைகளிலேயே மோசமானது அது. ஆகவே அதுதான் செயலுக்கு வந்தது. ஏணி வைத்துக் கூரையில் ஏறுவதைவிட, ஆரம்பத்திலேயே உயரத்தில் குடியிருந்துவிட்டால் என்ன?

டவுன்ஷிப்பில் 'மியூச்சுவல்' என்று ஒரு வழக்கம் உண்டு. இருவர் ஒத்துப்போனால் குவார்ட்டர்ஸை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். பாரத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒரு திங்கட்கிழமை சேர்ந்து போய் ஆபீசில் நின்றால் முடிந்தது. வேறொரு பிளாக்கில், அதாவது டவுன்ஷிப்பின் இன்னொரு பகுதியில், மாடிக் குவார்ட்டர்ஸில், இரண்டாம் மாடியில் ஒரு ஃபிட்டர் இருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். கோழி வளர்க்க ஆசை. அவர் சம்சாரத்துக்குப் படியேறினால் மூச்சு வாங்கும். தரை வீடு என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, நெசமாத்தான் சொல்றீங்களா? தோட்டத்தோட வூட்டைக் குடுத்துட்டு யாராவது மாடிக்கு வருவாங்களா?"

"எனக்குக் காத்து வேணும்" என்றேன். பாரத்தில் வருகிற திங்கட்கிழமைத் தேதியைப் போட்டு, காரணம் என்ற இடத்தில் 'உடல்நலம்' என்று எழுதினேன். அதிலும் பொய்யில்லை. மூழ்கிப்போவது உடல்நலத்துக்குக் கெடுதல்தான்.

மனைவியிடம் சொல்லவில்லை. பலாவைப் பார்த்தால் சொல்ல வாய் வரவில்லை. பாரத்தை மடித்து, அவசரப் பையில், ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தேன். ஆபத்துக்காலத்தில்தான் திறக்க வேண்டிய பை. அதற்குமுன் யார் திறக்கப் போகிறார்கள்?

ஆபத்துக்காலம் அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே வந்தது.

ஐப்பசி மாதம். மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்தது. சுரங்கப் பக்கமிருந்து எந்நேரமும் ஒரு முழக்கம் கேட்கும். தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி. மற்றவர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. எனக்கு அது கடவுளின் குறட்டை. அது கேட்கும் வரை பம்பு ஓடுகிறது, உலகம் நிலைத்திருக்கிறது. அன்றைக்கு ரசம் ஊற்றும்போது அது நின்றது.

நான் கையை உதறி எழுந்தேன். "நின்னுருச்சு!"

"என்னது?"

"பம்பு! எல்லாரும் ஏணிக்கு!"

எத்தனையோ முறை ஒத்திகை பார்த்தது. மகள் பையைத் தூக்கினாள். மகன் விசிலை ஊதிக்கொண்டே ஓடினான். நான் குடங்களை இரண்டிரண்டாகக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சோற்றுக் கையோடு ஏணியில் ஏறினேன். மனைவி, "அடுப்ப அணைச்சுட்டு வாரேன்" என்று உள்ளே போய், அடுப்பை அணைத்து, அப்பளத்தை மூடி வைத்து, கதவைச் சாத்தி, மெதுவாக ஏறி வந்தாள். வெள்ளத்தைவிட எறும்பு பெரிய ஆபத்து என்பது அவள் கட்சி.

பட்டப்பகல். தெரு முழுக்கப் பார்த்தது. கூரையில் ஒரு குடும்பம், குடும்பத்தலைவர் கழுத்தில் ஆறு குடம், கையில் ரசம்.

எதிர் வீட்டிலிருந்து யாரோ, "சார், மேல கொழா இருக்குதா?" என்றார்கள். இன்னொருவர், "கரகம் எந்தக் கோவிலுக்கு சார்?" என்றார். சிரிப்பு தெருவின் கோடி வரை போய்த் திரும்பி வந்தது. நான் அசையவில்லை. சிரியுங்கள், சிரித்துக்கொண்டே மூழ்குங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு குளியலறைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துவாரத்திலிருந்து ஒரு பல்லிகூட வரவில்லை.

அரைமணி ஆனது. மகன் பசி என்றான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்த பிள்ளை. மனைவி, "அவல் இருக்குல்ல" என்று பையைத் திறந்தாள்.

நான் அவளைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் என் தோளில் ஆறு குடம் இருந்தது.

அவலை எடுத்தாள். வெல்லத்தை எடுத்தாள். ரேஷன் கார்டை ஒதுக்கினாள். மடித்த தாளைப் பிரித்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். அந்தப் பாரத்தைப் படிக்க அது தாராளம். இரண்டு முறை படித்தாள். பிறகு கூரை விளிம்புக்குப் போய் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே பலா நின்றது.

"உடல்நலமா?" என்றாள்.

"அது வந்து..."

"யாரு உடல்நலம்?"

தெரு இப்போது சிரிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது.

"இத்தன நாளு நீங்க பையக் கட்டுனீக, ஏணி வாங்குனீக, ராவெல்லாம் பாத்ரூம் ஓட்டைக்கு டார்ச் அடிச்சுப் பாத்தீக. பயந்த மனுசன்னு விட்டேன். பயம் யாருக்கு இல்ல? ஆனா என்னையக் கேக்காம என் வீட்டத் தூக்கி எவனுக்கோ குடுக்குறது பயமில்ல. அது வேற." தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். கிழிக்கவில்லை, கிழித்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். "நான் ஏறுன மாடி இதுதான் மொதலும் கடைசியும். நாளைக்குக் கையெழுத்துப் போடுங்க, தாராளமாப் போடுங்க. சாமான எடுத்துக்கிட்டு நீங்க மேல போய்க் காத்து வாங்குங்க. நானும் பிள்ளைகளும் மரமும் இங்கதான். எவன் வந்து எறக்குறான்னு பாக்குறேன்."

இறங்கிப் போய்விட்டாள். பிள்ளைகளும் இறங்கினார்கள். விசிலை மட்டும் மகன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த நேரம் பார்த்து முதல் ஷிப்டு முடிந்து பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார். மேலே பார்த்தார். சிரிக்காமல் சைக்கிளை விட்டு இறங்கினார். எனக்கு அவர்மேல் இன்றும் மரியாதை இருப்பதற்கு அந்தச் சிரிக்காத முகம்தான் காரணம்.

"இன்னா சார் ஆச்சி?"

"பம்பு நின்னுருச்சே?"

"யாரு சொன்னா? ஓடிக்கினுதான் கீது. இப்பத்தான் அடுத்த ஆள்கிட்ட ஒப்படைச்சிட்டு வர்றேன்."

"சத்தம் கேக்கலையே!"

அவர் விரலை எச்சில் பண்ணி மேலே தூக்கிக் காட்டினார். "காத்து மாறிச்சி சார். வாடை திரும்பிடுச்சி. சத்தம் அந்தாண்ட போவுது. மழ வரப் போவுது, கீழ எறங்குங்க." நான் ஏணியில் காலை வைக்கும்போது மறுபடி கேட்டார். "ஆமா, பம்பு நின்னா உங்களுக்கு இன்னா?"

அன்றைக்குத்தான் ஒரு வருடத்துக் கேள்வியைக் கேட்டேன். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி பொறுமையாகச் சொன்னார். ஒன்றிரண்டல்ல, ஏகப்பட்ட பம்பு. ஒன்று நின்றால் இன்னொன்று ஓடும். அத்தனையும் நின்றாலும் தண்ணீர் முதலில் சுரங்கத்தின் அடியில்தான் வரும். "அந்தக் குழிய பாத்திருக்கீங்களா சார்? அது நெறைஞ்சி வழிஞ்சி உங்க வூட்டுக்கு வர்றதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயி பென்ஷன் வாங்கிக்கினு ஊருக்கே பூடுவீங்க."

இதோடு திருந்தியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. தெரு முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. மனைவி சவால் விட்டிருக்கிறாள். வெள்ளம் பொய் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு வீம்பு உண்மையாகவே ஏறியது. வெள்ளம் வருகிறதோ இல்லையோ, குவார்ட்டர்ஸ் என் பெயரில் இருக்கிறது. சொன்னால் சொன்னதுதான். திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவேன். குடங்களைக்கூட அவிழ்க்கவில்லை, மூலையில் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தன, என்னைப் போல.

அன்றிரவு காற்றும் மழையும் அடித்தது. விடிந்து எழுந்து பல் துலக்கப் போனால் குழாய் உஸ் என்றது. ஒரு சொட்டு விழுந்தது. பிறகு அதுவும் இல்லை.

வெளியே போய்ப் பார்த்தேன். எங்கள் பிளாக்குக்கு வரும் பெரிய சாலையில் ஒரு பழைய மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் வேர்கள் பூமிக்குள் ஓடிய பெரிய குடிதண்ணீர்க் குழாயைக் கட்டிப்பிடித்து மேலே இழுத்து முறித்துவிட்டன. எங்கள் பிளாக்குக்கும் அதைத் தாண்டியிருந்த பிளாக்குகளுக்கும் தண்ணீர் கிடையாது.

நெய்வேலியில் யாரும் தண்ணீர் பிடித்து வைப்பதில்லை. எதற்கு வைக்க வேண்டும்? கையை நீட்டினால் குழாய். ஆகவே அன்று காலை எங்கள் தெருவில் காப்பிக்குத் தண்ணீர் இல்லை, உலை வைக்கத் தண்ணீர் இல்லை, மற்றதற்கும் இல்லை. வெள்ளத்துக்காக ஒரு வருடம் திட்டம் போட்டவனின் வீட்டில், அவன் திட்டத்துக்கு அடங்காத ஒரே ஒரு பாத்திரத்தில் மட்டும் தண்ணீர் இருந்தது.

நான் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் பின்வாசலில் வரிசை நின்றது. பக்கத்து வீட்டு அம்மா, எதிர் வீடு, கரகம் எந்தக் கோவிலுக்கு என்று கேட்டவரின் சம்சாரம். மனைவி அண்டாவின் பக்கத்தில் செம்போடு உட்கார்ந்திருந்தாள். "கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மொதல்ல" என்று ஆளாளுக்கு அளந்து ஊற்றினாள். யாரையும் ஒரு சொல்லாலும் குத்தவில்லை. அந்த இடத்தில் நானாக இருந்தால் ஒரு செம்புக்கு ஒரு கிண்டல் என்று விலை வைத்திருப்பேன்.

"லாரியில தண்ணி வருமாம். பிடிக்கப் பாத்திரம் வேணும்" என்றாள் என்னைப் பார்க்காமல். "உங்க மிதவைய அவுத்துக் குடுங்க."

நான்தான் சொன்னேனே, அந்த முடிச்சு அவிழாது. அரிவாள்மணையில் வைத்து ஒவ்வொரு டியூப் வாராக அறுத்தேன். ஆறாவது குடத்தில் கட்டைவிரலையும் கொஞ்சம் அறுத்துக்கொண்டேன். காயத்துக்கு மருந்து அவசரப் பையில் இல்லை. வெள்ளத்தில் யாருக்கு வெட்டுப்படும் என்று வைக்காமல் விட்டிருந்தேன்.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சட்டைப் பையில் பாரத்தோடு, மாடிக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். ஆம், போனேன். வீம்பு அவ்வளவு சீக்கிரம் வடியாது.

அங்கே லாரி முதலிலேயே வந்துவிட்டிருந்தது. ஃபிட்டர் இரண்டு கையிலும் வாளியோடு படியடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா! இது ஏழாவது நடைங்க. சித்தெ இந்த ஒரு வாளியப் புடிங்க, மேல வெச்சுட்டு அப்படியே ஆபீசுக்குப் போயிர்லாம்."

பிடித்தேன். முதல் மாடித் திருப்பத்தில் பாதித் தண்ணீர் என் வேட்டியில் இருந்தது. இரண்டாம் மாடிக்குப் போனபோது வாளியில் மீதியிருந்த தண்ணீரைவிட என் மூச்சுதான் அதிகம் சிந்தியிருந்தது. அவர் சம்சாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, நான் கொண்டுவந்ததை எட்டிப் பார்த்தது. "இவ்வளவுதானுங்களா?" என்றது. பாவம், கிண்டலாகக் கேட்கவில்லை. சன்னல் வழியாக நல்ல காற்று வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வாசலில் என் மனைவியை நிறுத்திப் பார்த்தேன். இடுப்பில் குடம், கீழே இரண்டு மாடிப் படி, மரம் கிடையாது. நான் அவளை எந்த வெள்ளத்திலிருந்து காப்பாற்ற இங்கே கொண்டுவர இருந்தேன்?

ஃபிட்டர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். "போட்டர்லாமுங்களா?"

"இல்லீங்க" என்றேன். "எங்க வீட்டுல ஒத்துக்கல."

"உங்களுக்கு உடம்புக்குக் காத்து வேணும்னீங்களே?"

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. புத்திக்குத்தான் கொஞ்சம் காத்து வேண்டியிருந்துச்சு. இப்ப வாங்கியாச்சு."

அவர் முகம் வாடிவிட்டது. அது மட்டும் எனக்கு இன்றும் உறுத்தல். அவருக்குத் தரை வீடு உண்மையாகவே தேவைப்பட்டது; என்னுடையதுதான் பொய்த் தேவை. அதற்குப் பரிகாரமாக மூன்று நடை வாளி சுமந்தேன். பிறகு மூன்று மாதம் ஆபீசில் ஒவ்வொருவராகக் கேட்டு, தரை வீட்டிலிருந்து உண்மையாகவே மாடிக்குப் போக விரும்பிய ஒருவரை அவருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். எலிக்குப் பயந்தவர் அவர். பயந்தவனுக்குப் பயந்தவனைத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து பாரத்தை மனைவியிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கி மடித்து, அடுப்பில் வைப்பாள் என்று பார்த்தால், அண்டாவின் அடியில் ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்தாள். "இது ஒரு பக்கம் சாய்ஞ்சு கெடந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சில்லை.

இதைப் படித்துவிட்டு, அவசரப் பையைத் தூக்கிப் போட்டிருப்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். பை கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அவலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். காயத்துக்கு மருந்தும் துணியும் சேர்த்தாயிற்று. ஏணி பலாக்காய் இறக்கப் பயன்படுகிறது. அந்தக் கண்டக்டரிடம் நான் சொன்னது மெய்யாகிவிட்டது. பயந்தவன் என்று என்னைச் சொல்பவர்கள் சொல்லட்டும். நான் பயந்தது தப்பில்லை. தப்பான தண்ணீருக்குப் பயந்தேன், அவ்வளவுதான். இப்போது என் நோட்டில் முதல் வரி, 'அண்டா: நிறைந்திருக்க வேண்டும்.' அதை அவள் கையால் எழுதி வாங்கியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். பம்புகள் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. காற்றில் ஒரு மரம் விழுந்து குழாய் உடைந்தது. ஒன்றரை நாள் தண்ணீர் வரவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது. நாங்கள் வீடு மாறவில்லை.